கோலாட்டத்தில் அடி மாறும்போது தடுமாறாமல் இருக்க 22 குறிப்புகள்

நவராத்திரி நெருங்கினால் காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையிலும் சுற்றுவட்டாரத்திலும் கோலாட்டக் கோல்கள் பரணிலிருந்து இறங்கிவிடும். கொலு வைத்த வீட்டுக் கூடத்தில் ஆடுபவர்கள், கோயில் வாசலில் ஆடுபவர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்குப் பெண் பிள்ளைகளைத் தயார் செய்பவர்கள், தீபாவளி கழிந்து பசுவன் கோலாட்டம் போடுபவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான் வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வோர் அடியும் நன்றாகவே இருக்கும். ஓர் அடி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் வட்டம் கலையும், கோல் காற்றில் வீசும், ஜோடி தவறும்.

காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வேறு வேறு நாடாக்களில் ஓட்டி, இரண்டும் சேரும் இடத்தில் கோர்வை போட்டுப் பிணைப்பார்கள். அந்தப் பிணைப்பு உறுதியாக இருந்தால்தான் புடவை நிற்கும். கோலாட்டத்திலும் இணைப்புக்கு அவ்வளவு கவனம் தர வேண்டும். கீழே 'அடி' என்று வருவது பொதுவாக 8 அல்லது 16 எண்ணிக்கை கொண்ட ஒரு முழு அசைவு வரிசை.

திட்டமிடும்போது

1. அடிகளை யோசிப்பதற்கு முன் பாட்டை எண்ணுங்கள். ஆதி தாளப் பாட்டு என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 எண்ணிக்கை. பல்லவியின் ஒரு வரி ஒரு ஆவர்த்தனமா, இரண்டா? சரணம் எத்தனை? நடுவில் வெறும் இசை எவ்வளவு நேரம்? 'தகதிமி' என்று நாலு நாலாக ஓடுகிறதா, 'தகிட' என்று மும்மூன்றாக ஓடுகிறதா? இதெல்லாம் ஒரு தாளில் எழுதியான பிறகுதான் கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

2. பாட்டின் வரி முடியும் இடத்தில் அடியும் முடியட்டும். ஓர் அடிக்கு 6 எண்ணிக்கைதான் தேவைப்படுகிறது என்றால், மீதி 2 எண்ணிக்கைக்குத் தன் கோலைத் தானே தட்டி நிரப்புங்கள். "சீக்கிரம் முடிந்துவிட்டதே" என்று அடுத்த அடியை முன்னதாகத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லாமே 2 எண்ணிக்கை தள்ளிப் போகும். பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

3. பல்லவிக்கு எப்போதும் ஒரே அடியை வையுங்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 'கான்ட்ரா' என்று ஒரு ஜோடி நடனம் உண்டு. நம் கோலாட்டத்தைப் போலவே இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, ஜோடி மாறி மாறி ஆடுவார்கள். அந்த இசைக்கு இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் 16 எண்ணிக்கை, ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக மொத்தம் 64. அடிகளும் பெரும்பாலும் 8 அல்லது 16 எண்ணிக்கையில் அடங்கும். இசையைக் கேட்டாலே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கால்களுக்குத் தெரிந்துவிடும். பல்லவிக்கு ஓர் அடி, அனுபல்லவிக்கு ஓர் அடி, சரணத்துக்கு ஓர் அடி என்று நிலையாக வைத்தால் நமக்கும் அதே வசதி கிடைக்கும்.

4. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இங்கிலாந்தில் ஜான் பிளேஃபோர்டு 1651-ல் வெளியிட்ட நடனப் புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நடனங்கள் இருந்தன. ஒவ்வொரு மெட்டையும் அச்சிட்டு, அதனுடனேயே ஆட வேண்டிய முறையையும் கொடுத்திருந்தார்கள். நாமும் பாட்டு வரியை எழுதி, அதன் கீழே எண்ணிக்கை, கோல் எங்கே தட்டுகிறது, கால் எங்கே போகிறது என்று எழுதலாம். கூடவே 'முடியும் நிலை' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். முகம் எந்தப் பக்கம், எந்தக் கால் தரையில், எந்தக் கை மேலே என்பதை அதில் குறியுங்கள். அடுத்த அடியின் தொடக்கம் இதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இரண்டு அடிகளையும் அடுத்தடுத்து வைக்க வேண்டாம்.

5. ஐந்து நிமிடப் பாட்டுக்கு நாலைந்து அடிகள் போதும். இருபது அடி தெரியும் என்பதற்காக இருபதையும் ஒரே பாட்டில் அடுக்கினால் இணைப்புகளைப் பழக நேரம் இருக்காது. நாலு அடிகள் வழுக்கிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதைப் பார்ப்பதுதான் கண்ணுக்கு நிறைவு.

கை, கால், கோல்

6. எந்தக் கையில் முடிகிறீர்களோ அதே கையில் தொடங்காதீர்கள். ஜோடியின் கோலை வலது கையால் தட்டி முடித்தவர், அடுத்த எண்ணிக்கையில் மறுபடி வலது கையாலேயே வேறு பக்கம் தட்ட வேண்டும் என்றால், கையை இழுத்துத் திருப்ப நேரம் போதாது. இடது கை காலியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அல்லது இரண்டு கோலையும் தனக்குத் தானே ஒரு முறை தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

7. காலையும் கணக்கில் சேருங்கள். வலது காலில் தொடங்கி 8 காலடி நடந்தால் இடதில் முடியும். அடுத்த அடியை வலதில் தொடங்குவது இயல்பாக வரும். மிஸ்ர சாபுத் தாளத்தில் 7 காலடி நடந்தால் தொடங்கிய காலிலேயே முடிந்துவிடும், அடுத்த சுற்று மறு காலில் தொடங்கும். அதைத் தவிர்க்க, கடைசி எண்ணிக்கையில் நடக்காமல் காலைச் சேர்த்து நில்லுங்கள். இல்லையென்றால் அந்த அடியை இரண்டு முறை ஆடுங்கள். 14 இரட்டைப்படை என்பதால் கால் சரியாகிவிடும்.

8. உடம்பு சுழலும் திசையை மதியுங்கள். வட்டம் வலமாக, அதாவது கோயிலைச் சுற்றும் திசையில் நகரும்போது நம் உடம்பு இடைவிடாமல் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதைத் தொடர்ந்து தனித்தனியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்றால் வலப்பக்கமாகவே சுற்றுங்கள், வேகம் தானே இழுத்துக்கொண்டு போகும். இடப்பக்கம் சுற்றியே ஆக வேண்டும் என்றால் நடுவில் 2 எண்ணிக்கை நின்ற இடத்தில் கோல் தட்டி வேகத்தை அடக்கிவிட்டுத் திரும்புங்கள். பட்டுப்புடவையில், வழவழப்பான தரையில் ஆடும்போது இது வழுக்கி விழாமலும் காக்கும்.

9. கண் முதலில் போகட்டும். எட்டில் கடைசி இரண்டு எண்ணிக்கையில், அதாவது 7, 8-ல், அடுத்து யார் கோலைத் தட்டப்போகிறீர்களோ அவரைப் பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு 1-ல் தட்டினால் கோல் தவறாது. இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதித் தடுமாற்றம் போய்விடும்.

10. உயரத்தைப் படிப்படியாக மாற்றுங்கள். தலைக்கு மேலே தட்டிவிட்டு உடனே உட்கார்ந்து தட்டச் சொன்னால் சிலர் உட்கார்ந்திருப்பார்கள், சிலர் பாதியில் இருப்பார்கள். நடுவில் மார்பளவில் ஒரு தட்டு வையுங்கள். உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்திருக்கக் குறைந்தது 2 எண்ணிக்கை கொடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் குழுவில் இருந்தால் எல்லோருமே இடுப்பு வளைத்துக் குனிந்து ஆடும்படி மாற்றிவிடுங்கள். அதுவும் அழகாகவே இருக்கும்.

11. கோல்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம் பெரியவர்களுக்கு வசதி. நீளம் கலந்திருந்தால் ஒவ்வொரு ஜோடி மாற்றத்திலும் தூரம் மாறும், தட்டும் நேரமும் மாறும். கோலின் அடிப்பக்கத்தைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கினால் மணிக்கட்டு சுழலாது. விரிசல் விட்ட கோல்களையும் சிலாம்பு தூக்கிய கோல்களையும் முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிட்டு ஆடுவது கைக்கு நல்லது.

ஜோடி மாறும்போது

12. தூரத்துக்கு ஏற்ற எண்ணிக்கை கொடுங்கள். பக்கத்து ஆளிடம் போக இரண்டு மூன்று காலடிதான், 4 எண்ணிக்கை தாராளம். வட்டத்தின் எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்றால் 8 வேண்டும். பாவாடை தாவணியில் ஓடும் பெண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மடிசாரோ கனமான பட்டோ கட்டிய மாமி நிதானமாக நடந்து சேரும் நேரமே சரியான அளவு.

13. எத்தனை மாற்றத்தில் பழைய ஜோடி திரும்ப வரும் என்று முன்பே கணக்குப் போடுங்கள். உள்வட்டத்தில் 8 பேர், வெளிவட்டத்தில் 8 பேர், வெளிவட்டம் மட்டும் ஒவ்வோர் இடம் நகர்கிறது என்றால் 8-வது மாற்றத்தில் முதல் ஜோடி சேரும். இரண்டு வட்டமும் எதிரெதிராக ஒவ்வோர் இடம் நகர்ந்தால் 4-வது மாற்றத்திலேயே சேர்ந்துவிடும், மீதிப் பாதிப் பேரைச் சந்திக்கவே முடியாது. இரண்டு வட்டமும் நகர வேண்டும், எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும் என்று விரும்பினால் 7 ஜோடியோ 9 ஜோடியோ வைத்துக்கொள்ளுங்கள். 7 ஜோடி என்றால் 7 மாற்றத்தில் எல்லோரையும் பார்த்துவிட்டு முதல் ஜோடியிடம் வரலாம். சரணங்களின் எண்ணிக்கைக்கு இதைப் பொருத்திவிட்டால், பாட்டு முடியும்போது எல்லோரும் தொடங்கிய ஜோடியோடு நிற்பார்கள்.

14. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம் முதலான ஏழு சுரங்களின் பெயரை வைத்து நிறுத்திய பிறகுதான் கூத்து தொடங்குகிறது. நிற்கும் இடத்துக்கும் ஆளுக்கும் பெயர் இருந்தால் சொல்லிக்கொடுப்பது சுலபம். "ஒற்றைப்படை எண்கள் வலமாக, இரட்டைப்படை எண்கள் இடமாக" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

15. எதிரெதிராகக் கடக்கும்போது தோள் எது என்று முடிவு செய்யுங்கள். முதல் ஆளை வலது தோள் பக்கமாகக் கடந்தால், அடுத்த ஆளை இடது தோள் பக்கமாகக் கடக்க வேண்டும். இப்படி மாறி மாறிப் போனால்தான் பின்னல் விழும். ஒருவர் மறந்தாலும் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதுவார்கள். முதல் கடத்தலை மட்டும் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லிப் பழகினால் மற்றவை தானாக வந்துவிடும்.

16. பின்னல் கோலாட்டத்தில் திரும்பும் இடத்துக்கு ஓர் ஆவர்த்தனம் முழுவதும் ஒதுக்குங்கள். நடுவில் தொங்கும் வண்ணக் கயிறுகளைப் பின்னிக்கொண்டே போய், பிறகு அதே வழியில் திரும்பி அவிழ்க்க வேண்டும். பின்னிய அதே எண்ணிக்கைச் சுற்றுகள்தான் அவிழ்க்கவும் வேண்டும். திரும்பும் இடத்தில் நின்று, உடம்பைத் திருப்பி, கயிற்றைப் பிடித்த கையைச் சரிசெய்ய 8 எண்ணிக்கை தேவை. கடைசியாக யார் உள்ளே போனாரோ அவரே அவிழ்க்கும்போது முதலில் வெளியே வர வேண்டும். இந்தத் திருப்பத்தை மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்கள். எந்த நேரத்திலும் கயிறு தொய்யக் கூடாது, தொய்ந்த கயிறுதான் சிக்கும்.

சைகையும் வேகமும்

17. அடுத்த அடியின் பெயரை 2 எண்ணிக்கை முன்னதாகச் சொல்லுங்கள். தாளம் விழும் அதே நேரத்தில் "மாறு" என்று சொன்னால் காதில் விழுந்து கால் நகர்வதற்குள் அந்த எண்ணிக்கை போய்விடும். கான்ட்ரா நடனத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கவே ஒருவர் மேடையில் இருப்பார். முந்தைய அடி முடிவதற்குள் அவர் சொல் முடிந்துவிடும். சில சுற்றுகள் போனதும், ஆடுபவர்களுக்குப் பழகிவிட்டது என்று தெரிந்தால் சொல்வதையே நிறுத்திவிடுவார். நம் குழுவிலும் தலைவி "மாறு", "சுத்து", "குனி" என்று சிறு சிறு சொற்களாகச் சொல்லட்டும். ஒத்திகையின் கடைசி நாட்களில் அதுவும் இல்லாமல் ஆடிப் பாருங்கள்.

18. மிருதங்கமோ டோலக்கோ வாசிப்பவரிடம் முன்பே பேசி வையுங்கள். அடி மாறுவதற்கு முந்தைய ஆவர்த்தனத்தில் ஒரு தீர்மானம் வைக்கச் சொல்லுங்கள். ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து சமத்தில் விழும்போது, வாய் திறக்காமலே எல்லோருக்கும் செய்தி போய்விடும். பதிவு செய்த பாட்டுக்கு ஆடுகிறீர்கள் என்றால், மாற்றத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழலையோ வீணையையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

19. வேகம் கூடினால் தூரத்தைக் குறையுங்கள். இரண்டாம் காலத்தில் அதே வட்டத்தை அதே அகலத்தில் ஓடினால் மூச்சு வாங்கும், கோலும் பிந்தும். நடந்து இடம் மாறும் அடிகளை முதல் காலத்திலேயே முடித்துவிட்டு, இரண்டாம் காலத்துக்கு நின்ற இடத்தில் தட்டும் அடிகளை வையுங்கள். வேகம் கைகளில் தெரியும், வட்டம் குலையாது.

20. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஆடுபவர்களுக்குத் தனிக் கணக்கு. ஆழ்வாரைப் பின்தொடர்ந்து வந்த யதோத்தகாரிப் பெருமாள் ஓர் இரவு தங்கிய ஊர் என்பது ஓரிக்கையின் தலக் கதை. அப்படிப்பட்ட மண்ணில் சாமிக்கு முன்னால் ஆடுவது பெரும் பேறு, ஒழுங்காகவும் ஆட வேண்டும். தெருவில் நகரும்போது வட்டம் வேண்டாம், இரண்டு வரிசை போதும். 6 காலடி முன்னே, 2 காலடி பின்னே என்று வைத்தால் 8 எண்ணிக்கைக்கு 4 காலடி முன்னேறுவோம். பல்லக்கின் நடைக்கு ஏற்ப இதைக் கூட்டலாம், குறைக்கலாம். மண்டகப்படிக்கு நிற்கும்போது வட்ட அடிகளை ஆடுங்கள். தீபாராதனை முடிகிறது என்று தெரிந்ததுமே வட்டத்தை வரிசையாக மாற்றத் தொடங்கிவிடுங்கள். தோள் கொடுத்துத் தூக்குபவர்களை நமக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது.

ஒத்திகையும் அன்றைய நாளும்

21. இணைப்பை மட்டும் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆடினால் முதல் அடி மட்டும் பிரமாதமாக வரும், நாலாவது அடி அரைகுறையாக நிற்கும். ஓர் அடியின் கடைசி 4 எண்ணிக்கை, அடுத்த அடியின் முதல் 4 எண்ணிக்கை, இந்த எட்டை மட்டும் திரும்பத் திரும்ப ஆடுங்கள். முதலில் கோல் இல்லாமல் "தகதிமி தகஜொணு" என்று வாயால் சொல்லி நடங்கள். பிறகு கும்மி போல் கைதட்டி ஆடுங்கள். கடைசியில் கோல். மொட்டை மாடியிலோ வாசலிலோ கோலமாவால் நிற்கும் இடங்களைப் புள்ளி வைத்து, போகும் திசைக்குக் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். கால்கள் பழகியதும் புள்ளிகளைக் கூட்டிவிட்டு ஆடிப் பாருங்கள். அப்போதும் வட்டம் வட்டமாகவே இருந்தால் ஒத்திகை முடிந்தது.

22. ஆடும்போது தவறினால் துரத்தாதீர்கள். ஜோடியைத் தவறவிட்டவர், தாளத்தோடு தன் கோலைத் தானே தட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அடுத்த வரி தொடங்கும்போது புது ஜோடி தானாக எதிரே வரும், அங்கே சேர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கவோ, கையைப் பிடித்து இழுக்கவோ கூடாது. பார்ப்பவர்களுக்குத் தவறு தெரிவதே அந்த இழுபறியில்தான். இதையும் ஒத்திகையில் ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஒருவரை நடுவில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடரட்டும், அவர் அடுத்த வரியில் வந்து சேரட்டும். வந்து சேர ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், புதிதாகச் சேர்ந்த சிறுமிகூடப் பயமில்லாமல் ஆடுவாள்.